மூவூர்ப் பாட்டு

3-2-1986, திங்கள்

அவையோரே! பாப்பிரெட்டிப்பட்டிப் பெருமக்களே! தாய்க்குலமே!

நாட்குறிப்பைத் திறந்தாலும் எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது. முப்பதாண்டு மேடைப் பழக்கம். எதிரே ஒரு சுவர் மட்டுமே இருக்கிறது. இருக்கட்டும். சுவரே அவையாகட்டும். முறையீடு ஒன்று உண்டு, கேளுங்கள்.

இம்மாவட்டத்தில் ஒரு பாட்டு ஏழாண்டாகப் பாடப்படாமல் கிடக்கிறது. மூன்று ஊர்ப் பிள்ளைகள் இருபத்தொரு நாள் பயின்ற பாட்டு. அதைப் பாடவிடாமல் தடுத்தவன் எவன்? அயலான் அல்லன். ஆள்வோன் அல்லன். தமிழிசையின் மேன்மை குறித்து ஒரு மணி ஐம்பது மணித்துளி இடைவிடாது முழங்கினானே ஒருவன், அவன். புலவர் செம்பரிதி. நான்.

இன்று மாரண்டஹள்ளியிலிருந்து அருள்நாதன் என்பவரின் மடல் வந்தது. ஆசிரியை இசபெல்லா அம்மையார் மே இறுதியில் பணி ஓய்வு பெறுகிறார். கோலார் தங்கவயலில் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறாராம். அவருடைய பழைய மாணவர்கள் விழா எடுக்கிறார்கள். இளையோர் இசைப் பாசறைகளின் வரலாற்றை நான் எழுதித் தரவேண்டுமாம். ‘எழுதிக் குடுத்தாப் போதுங்க அய்யா, நாங்களே படிச்சுக்கறோம்’ என்று மடலின் அடியில் ஒரு வரி.

அந்த வரி எதற்கென்று எனக்கு விளங்காமல் இல்லை.

5-2-1986, புதன்

வரலாறு எழுத உட்கார்ந்தேன். 1963இல் தொடங்க வேண்டியது. எழுதுகோல் 1979இல் போய் நிற்கிறது.

அவ்வாண்டு மே 27. சித்தேரி மலைப் பள்ளித் திடல். அம்மையாரின் பதினேழாம் பாசறையின் நிறைவு நாள்.

அவருடைய முறை வேறெவரும் கையாளாதது. ஊருக்கு ஒரு வரிசை என்பார். ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும் பகுதிகள் அல்ல. ஒரே நேரத்தில் மூன்று குரல்களில் ஒலிக்க வேண்டிய மூன்று வரிசைகள். மேல்வரிசை எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு. நடுவரிசை மாரண்டஹள்ளிக்கு. அடிவரிசை மலைப் பிள்ளைகளுக்கு. ஒருவர் வரிசையை மற்றவர் கேட்கக் கூடாது. ஒரு கூட்டம் ஓடைக்கரையில், ஒரு கூட்டம் பள்ளிக்குள், ஒரு கூட்டம் புளியந்தோப்பில் பயிலும். நிறைவு நாளில், பெற்றோர் எதிரில்தான், மூன்றும் முதன்முறையாகச் சேரும். தாம் பயின்றது இன்ன பாட்டென்று பிள்ளைகளுக்கே அப்போதுதான் தெரியும்.

என்னை வாழ்த்துரைக்கு அழைத்திருந்தார். பத்து மணித்துளி என்றும் சொல்லியிருந்தார்.

எழுந்தேன். எதிரே நானூறு பேர். பின்னால் பாடுவதற்கு வரிசைகட்டி நிற்கும் பிள்ளைகள். வானம் கறுத்ததை நான் பார்க்கவில்லை. வாசலில் காயப்போட்ட புளியை அள்ளுவதற்காக மலையோர் எழுந்து ஓடினர். “இதோ, மக்கள் எழுந்துவிட்டார்கள்!” என்று முழங்கினேன். வெட்கக்கேடு. எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

மழை கொட்டியது. சேறானால் சரக்குந்து மலை இறங்காது என்று கீழூர்ப் பிள்ளைகளை அவசரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். வரிசையாக நின்ற பிள்ளைகள் வரிசையாகவே வண்டி ஏறினர்.

மறு ஆண்டு மலையோர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அடுத்த ஆண்டு பள்ளிக் கட்டடம் கிடைக்கவில்லை. அதன்பின் எவரும் கேட்கவும் இல்லை. பதினேழாண்டு நடந்த ஒன்று ஒரு மாலையோடு நின்றுபோனது.

மேல்வரிசையின் முதற்குரல் என் மகள் பண்மொழி. அன்று அவளுக்குப் பதினான்கு அகவை.

7-2-1986, வெள்ளி

அதன்பின் அவள் என் காதுபடப் பாடியதில்லை. அடுக்களையில் ஏதோ முணுமுணுப்பாள். வாசலில் என் செருப்போசை கேட்டதும் நின்றுவிடும். மணமாகி மொரப்பூர் போய் இரண்டாண்டு. இப்போது நான் செருப்பைக் கழற்றும்போது நின்றுபோவதற்கும் வீட்டில் ஒன்றுமில்லை.

10-2-1986, திங்கள்

வரலாறு நான்கு பக்கம் எழுதினேன். குள்ளம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். என் மனைவி இலக்கணம் அறியாள். ஆனால் திறனாய்வில் அவளை விஞ்ச ஆளில்லை.

“இதுல அந்தம்மா எங்கீங்க? உங்க பேச்சுத்தான இருக்குது நெறைய?”

கிழித்துவிட்டேன்.

16-2-1986, ஞாயிறு

தருமபுரி சென்றேன். அம்மையாரைக் கண்டேன். இந்த ஏழாண்டில் நான்கைந்து முறை கடைத்தெருவில் எதிர்ப்பட்டிருக்கிறோம்; வணக்கம் சொல்லி விலகியதன்றி வேறில்லை. இன்றுதான் அவர் வீட்டுப் படியேறினேன்.

“வாங்க குப்புராஜ் சார்.”

பெற்றோர் இட்ட அப்பெயரை நான் உதறி முப்பதாண்டு ஆகிறது. ஆசிரியப் பயிற்சியில் என்னோடு பயின்ற இவர் ஒருவர் மட்டும் அதை விடுவதாயில்லை. முன்பெல்லாம் திருத்துவேன். இன்று திருத்தவில்லை.

வரலாறு கேட்டேன். சொன்னார். முதற்பாசறை மாரண்டஹள்ளியில் ஒரு புளிக்கிடங்கில், பதினொரு பிள்ளைகளோடு. கோடை விடுமுறையில் உழவர் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போகும். அவர்களைப் பாட்டுக்கு அழைத்தால் எவர் விடுவார்? ‘மாட்டையும் கூட்டிட்டு வரச்சொல்லுங்க’ என்றாராம். கிடங்கு வாசலில் மாடுகள், உள்ளே பிள்ளைகள். இசைக்கருவி வாங்க வழியில்லை. ஒரு கையளவுத் தண்டவாளத் துண்டைத் துணிப்பையில் போட்டு ஊர்ஊராகத் தூக்கிச் சென்றார். அதைத் தட்டினால் எழும் ஒலிதான் மூன்று ஊருக்கும் அடிப்படை. ஊருக்கு ஊர் வேறு ஒலியில் பயின்றால் கடைசி நாள் சேராதல்லவா? பேருந்தில் நடத்துநர், ‘டீச்சரம்மா, பையில என்ன, பொணமா?’ என்று கேட்பாராம். சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

“அந்தக் கடைசிப் பாட்டை எனக்கு ஒருமுறை பாடிக் காட்டுவீர்களா?”

“அது எப்படிங்க சார் முடியும்? எனக்கு ஒரு தொண்டைதான இருக்குது. மூணு பேரு சேந்தாத்தான் அது பாட்டு.”

“ஒரு வரிசையாவது?”

“ஒரு வரிசைய மட்டும் கேட்டா, இதுக்கா இவ்வளவுன்னு நெனச்சுப்பீங்க.” பிறகு, “நானே கேட்டதில்ல சார்” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

“மத்த வருசமெல்லாம் ஊரறிஞ்ச பாட்டு. அது ஒண்ணுதான் நானாப் போட்டது. மூணையும் ஒண்ணா நெனச்சு நெனச்சு எழுதினேன். அது காதுல விழறதுக்கு அன்னிக்குத்தான் காத்திருந்தேன்.”

சினம் இல்லை அக்குரலில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்கு விழா வேண்டாம்னு அருள்நாதன்கிட்டச் சொல்லுங்க. சால்வை வேண்டாம். பேச்சு வேண்டவே வேண்டாம். ஜூன் ரெண்டாந்தேதி நான் கெளம்பறேன். அதுக்குள்ள ஒரு தடவை அதக் கேக்கணும். முடியலேன்னாலும் பரவாயில்ல.”

பரவாயில்லையாம்!

18-2-1986, செவ்வாய்

மூன்று ஊர். மூன்று வரிசை. நூற்றுச்சொச்சம் நாள். அன்று சிறுவராயிருந்தோர் இன்று எங்கெங்கோ. எவர் எவர் உயிரோடு, எவர் எவர் ஊரோடு? எவருக்கு நினைவிருக்கும்? எவர் என் முகத்தில் விழிப்பர்?

தேடுவேன்.

9-3-1986, ஞாயிறு

மாரண்டஹள்ளி. அருள்நாதன் தக்காளி மண்டியில் கணக்கர். பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசினோம். நடுவரிசை பாடியோர் பதின்மர். ஊரில் இருப்போர் அறுவர். அறுவருக்கும் பாட்டு நினைவிருக்கிறது என்றார்.

“எப்படி மறக்குங்க அய்யா? பாடியிருந்தா மறந்திருப்போம்.”

இதை அவர் நோகடிக்கச் சொல்லவில்லை. எடை பார்த்துக்கொண்டே சொன்னார்.

வருவார்கள், ஆனால் ஒரு கட்டளை. அறுவரில் அங்கே கூடியிருந்த மூவரும் சேர்ந்து விதித்தார்கள். இசபெல்லா என்ற இன்னொரு பெண், இங்கே தையல் தொழில் செய்பவர், அம்மையாரின் பெயரைத் தாங்கியவர், அதை வாய்விட்டுச் சொன்னார்:

“நீங்க அங்க வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க. வாய மட்டும் தொறக்கக் கூடாதுங்க.”

“ஒப்புகிறேன்” என்றேன்.

“நன்றியுரைகூட வேண்டாங்க.”

“ஒப்புகிறேன்.”

“மைக் செட்டே எடுத்துட்டுப் போகலடா நம்ம” என்றார் அருள்நாதன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

23-3-1986, ஞாயிறு

சித்தேரி. ஏழாண்டுக்குப் பிறகு.

பேருந்தை விட்டு இறங்கியதுமே தேநீர்க் கடையில் ஒரு கிழவர் கண்டுகொண்டார். “பேச்சாளரு வந்துட்டாருடோய்! காயப்போட்டதையெல்லாம் அள்ளுங்க, மழ வரப்போவுது!” நான் பேசினால் மழை வரும் என்பது இங்கே ஒரு வழக்காகவே ஆகியிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் என்னை அழைத்து வரலாமா என்று ஊர்க்கூட்டத்தில் பேசியதாக ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

அடிவரிசைக்கு முதல்வன் மாது. இன்று இருபத்துநான்கு அகவை. சாமையும் தினையும் விளைக்கிறான். எதிர்பார்த்த வசவு வரவில்லை. களத்துக்கு அழைத்துச் சென்றான்.

அங்கே பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டையடிக்கு ஒத்தாற்போல் ஒரு முனகல். தாழ்ந்த குரல். இரண்டே ஒலிகள், மாறி மாறி. பிறகு நெடுநேரம் ஒன்றிலேயே நிற்பது. மூச்சு முடிந்தவர் விட, அடுத்தவர் பிடித்துக்கொள்வது.

“என்ன பாட்டு இது?”

“இதுதானுங்க எங்க வரிசை” என்றான் மாது. “நாங்க பாடிப் பாடி எங்கம்மா கத்துக்கிச்சு. அதுகிட்ட இருந்து ஊரே கத்துக்கிச்சு. புளி தட்ட நல்லா இருக்குதுங்க. களைப்புத் தெரியாது.”

நான் களத்தோரம் அமர்ந்தேன். ஒரு மணி நேரம் கேட்டேன். அம்மையார் சொன்னது சரி. தனியே கேட்டால் ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் கடைக்காலை மட்டும் பார்ப்பது போல. இதன்மேல் என்ன நின்றது? எவ்வளவு உயரம்? ஏழாண்டாக இம்மலை தன் பங்கை விடாது பிடித்துக்கொண்டே இருக்கிறது, மேலே வரவேண்டியது வராமலே.

“வர்றீங்களா மே மாதம்?” என்றேன். தூயதமிழ் நழுவியது, கவலைப்படவில்லை.

“நாங்க எங்கங்க வர்றது? இங்கதான இருக்கறோம். நீங்கதான் வரோணும்” என்றான்.

30-3-1986, ஞாயிறு

எங்கள் ஊர் மேல்வரிசைதான் சிதறிக் கிடக்கிறது. ஒன்பது பெண்கள், ஒன்பது திசையில் மணமாகிப் போனவர்கள். நால்வரைக் கண்டுபிடித்தேன். காசியம்மாள் மகள் கோவிந்தம்மாள் இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“தொடக்கம் வரமாட்டேங்குதுங்க அய்யா. நாங்கெல்லாம் பண்மொழி வாயப் பாத்துத்தான் பாடுவோம். அவ இல்லாம எங்களுக்கு ஆகாது.”

எல்லாச் சாலையும் மொரப்பூருக்கே போகிறது.

6-4-1986, ஞாயிறு

மொரப்பூர்.

மருமகன் தொடர்வண்டி நிலையத்தில் பணிக்குப் போயிருந்தார். பேரன் தூளியில். பண்மொழி காப்பி தந்தாள். சொல்ல வந்ததைச் சொன்னேன் – முன்னுரை இன்றி, எடுத்துக்காட்டு இன்றி. முடித்ததும் எனக்கே அது சிறிதாகத் தோன்றியது.

“டீச்சருக்காக வர்றேங்கப்பா” என்றாள். “ஆனா நீங்க அங்க இருக்கக் கூடாது.”

“வாய் திறக்கமாட்டேன் அம்மா. சொல் கொடுத்திருக்கிறேன்.”

“பேசறதுக்குச் சொல்லல. கேக்கறதுக்கே இருக்கக் கூடாது. நீங்க முன்னாடி உக்காந்தீங்கன்னா எனக்குக் கொரல் வராது.”

ஏன் என்று கேட்கவேண்டாம் என்று உள்ளம் சொன்னது. கேட்டேன்.

தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. “தொடக்க ஒலிய டீச்சர் தட்டிக் காட்டிட்டாங்க, நீங்க பேச எந்திரிக்கறதுக்கு முன்னாடி. அத மறந்துறக் கூடாதுன்னு நான் மனசுக்குள்ளயே புடிச்சுட்டு நின்னேன். நீங்க பேசப் பேச அது நழுவும். மறுபடி புடிப்பேன். கால் நடுங்குது. ஒருக்கா தலை சுத்தி கோவிந்தம்மா மேல சாஞ்சேன். நீங்க பேசி முடிச்சீங்க. மூஞ்சியத் தொடச்சீங்க. நேரா எங்கிட்ட வந்து என்ன கேட்டீங்க, தெரியுங்களா?”

தெரியவில்லை. உண்மையிலேயே எனக்கு நினைவில்லை.

“‘எப்படி அம்மா இருந்தது?’ன்னு கேட்டீங்க. நான் நல்லா இருந்துச்சுங்கப்பான்னு சொன்னேன்.”

பேரன் விழித்து அழுதான். அவள் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் காப்பியைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது.

புறப்படும்போது, “நான் மலைக்கு வருகிறேன். பாடும் இடத்தில் இருக்கமாட்டேன். நீ பாடு” என்றேன். தலையசைத்தாள்.

7-4-1986, திங்கள்

‘எப்படி அம்மா இருந்தது?’

பாவி, எப்படிடா கேட்டாய் அதை!

20-4-1986, ஞாயிறு

பள்ளித் தலைமையாசிரியர் மே 25, ஞாயிற்றுக்கிழமைக்குத் திடலைப் பயன்படுத்திக்கொள்ள இசைந்தார். ஒரு நாள் மட்டும். மடல்கள் மூன்று ஊருக்கும் போட்டாயிற்று. ஒவ்வோர் ஊரின் பயிற்சியும் தனித்தனியே நடக்கிறது, அம்மையார் முறைப்படி. அவரே மூன்றிடமும் போய்வருகிறார், பழைய துணிப்பையோடு. மேல்வரிசையினர் பண்மொழியின் வீட்டில் கூடுகிறார்கள். மொரப்பூர்ப் பக்கமே நான் போவதில்லை.

எவ்வளவு தொலைவில் நின்றால் அது ‘அங்கே இருப்பது’ ஆகாது? ஓடைக்கரை? தேநீர்க் கடை? காற்று நம் பக்கம் அடித்தால் என் குற்றமா? – இப்படியெல்லாம் ஐம்பத்துநான்கு அகவையில் ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

11-5-1986, ஞாயிறு

ஓடைக்கரை என்று முடிவு செய்தேன். திடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்கு எட்டும். மாதுவை நிறுத்திக் கூவச்சொல்லிச் சரிபார்த்தேன். “என்னாங்க அய்யா, திருட வழி பாக்கறீங்களா?” என்றான்.

ஆம்.

26-5-1986, திங்கள்

நேற்று எழுத இயலவில்லை. இன்று எழுதுகிறேன், உள்ளபடி.

காலைப் பேருந்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஐவரும் கைக்குழந்தைகளோடு ஏறினர். அம்மையாரும் பண்மொழியும் முன்னிருக்கையில். குள்ளம்மாள் புளிச்சோற்றுத் தூக்கோடு. மலையில் மாதுவும் எண்மரும் ஆயத்தமாக இருந்தனர். தம் அடிவரிசையை விட்டுக்கொடுக்க முடியாதென்று புளி தட்டும் பெண்களும் வந்து நின்றார்கள்.

மாரண்டஹள்ளியார் வரவில்லை.

பகல் பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. அம்மையார் விசிப்பலகையில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மலை விட்டு இறங்கும் பேருந்து மாலை நான்குக்கு, அதைவிட்டால் மறுநாள்தான். கைக்குழந்தைக்காரர் தங்க இயலாது. பாடாமலே இறங்கிவிடுவதென்று மூன்றரைக்கு முடிவானது. முடிவைச் சொன்னவர் அம்மையாரே. “சரிம்மா, வந்தீங்களே, அதுவே போதும்.” பண்மொழி எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

மூன்று ஐம்பதுக்குத் தக்காளி வண்டி ஒன்று உறுமிக்கொண்டு வளைவில் ஏறியது. மேலே அறுவரும், பெட்டிகளுக்கு நடுவே. பாலக்கோட்டில் வண்டிச் சக்கரம் வெடித்து மூன்று மணி நேரம் போனதாம்.

பத்து மணித்துளி. வரிசை நிறுத்த, ஒலி தட்டி நினைவுறுத்த, தண்ணீர் குடிக்க – போதாது. கீழே பேருந்து ஊதல் ஊதியது. பெண்கள் குழந்தைகளை அள்ளினார்கள். பண்மொழி என்னைப் பார்த்தாள். ஏழாண்டில் முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

நான் ஓடைக்கரைக்குப் போகவில்லை. பேருந்துக்கு ஓடினேன்.

பேருந்துக்கு முன்னால், நடுச்சாலையில், நின்றேன்.

“யோவ் பெரியவரே, வழிய வுடுய்யா!” என்றார் நடத்துநர்.

“ஓட்டுநர் தோழரே! நடத்துநர் நண்பரே! பேருந்தில் வீற்றிருக்கும் பெருமக்களே!”

என்ன பேசினேன்? பொருள் என்ன? எதுவுமில்லை. இம்மலைச் சாலையின் வளைவுகளைப் புகழ்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் உயிர்களைக் காக்கும் ஓட்டுநரின் கைகளைப் புகழ்ந்தேன். ஓட்டுநர் பொறியை உறுமவிட்டார், அதைவிட உரக்க முழங்கினேன்.

“என்னாங்க இவரு, ஓட்டுக் கேக்க வந்தவரா?” என்றார் ஆட்டுக்குட்டியோடு இருந்த ஓர் அம்மாள்.

“இல்லீங்க ஆத்தா, இவரு பேசுனா மழ வரும்.”

“மழையா? அப்ப இருங்கப்பா, பாத்துட்டே போலாம்!”

பேருந்து முழுதும் சிரித்தது. ஓட்டுநர் பொறியை அணைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். “பேசு, பெருசு. எவ்வளவு நேரம் பேசுவேன்னு நானும் பாக்கறேன்.”

அவருக்குத் தெரியாது, என்னால் எவ்வளவு நேரம் முடியும் என்று.

பேசினேன். திடல் ஒரு கூப்பிடு தொலைவில், மேட்டுக்கு அப்பால். அங்கே தொடங்கியிருப்பார்கள். தொடங்கினார்களா? தெரியவில்லை. என் காதில் என் குரல் மட்டுமே. ஓரிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்த இடைவெளியில் காற்றில் ஏதோ ஒன்று – ஒரு குரலா, பலவா, அறியேன் – வந்து தொட்டது. ஓட்டுநரின் கை திறவுகோலுக்குப் போனது. நான் உடனே வாயைத் திறந்தேன். அது போய்விட்டது.

இருபத்திரண்டு மணித்துளி. நடத்துநர் கைக்கடிகாரம் பார்த்துச் சொன்னார்.

பிறகு அவர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். கோவிந்தம்மாள் அழுதிருந்தாள். அருள்நாதன் சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. முகம் எங்கோ இருந்தது. அம்மையார் குள்ளம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். பண்மொழி கடைசியில் வந்தாள். பேருந்தில் ஏறுமுன் தன் தூக்கிலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

குடித்தேன். ஏறினோம். மலை இறங்கும்வரை ஓட்டுநர் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

28-5-1986, புதன்

எல்லாரையும் கேட்டுவிட்டேன். அந்த ஒரு கேள்வியை மட்டும், அந்தச் சொற்களால் கேட்காமல்.

கோவிந்தம்மாள்: “எங்க வரிசை பிசகாம வந்துச்சுங்க அய்யா.” அருள்நாதன் அஞ்சலட்டையில்: ‘எங்கள் வரிசை நன்றாக அமைந்தது.’ அவரவர் பங்கே அவரவர்க்கு. பாடியவர் எவரும் முழுதும் கேட்கவில்லை போலும்.

கேட்டவள் என் வீட்டில் இருக்கிறாள். குள்ளம்மாளிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அத எப்படிங்க சொல்றது? கேட்டிருக்கோணும்.”

2-6-1986, திங்கள்

மொரப்பூர் நிலையம். அம்மையாரை வழியனுப்பினோம். சோலையார்பேட்டையில் மாறி, பங்காரப்பேட்டை போய், தங்கவயல். இரண்டு பெட்டி, ஒரு துணிப்பை. பையை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

“கேட்டீர்களா அம்மையீர்?”

“கேட்டேன் சார்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு எடத்துல தப்பு. மாரண்டஹள்ளிக்காரங்க முந்திட்டாங்க. நான் எழுதினதுலயே ஒண்ணு சரியில்ல. காதுல விழுந்தாத்தான தெரியுது. மாத்திப் பண்மொழிகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த மே மாசம் சின்னப் பிள்ளைங்கள வெச்சுப் பாடச் சொல்லியிருக்கேன்.”

“பண்மொழியிடமா?”

“உங்ககிட்டச் சொல்லலியா?”

வண்டி நகர்ந்தது. “குப்புராஜ் சார்,” என்றார் பலகணி வழியே, “பஸ்ஸுகிட்ட என்ன பேசினீங்க? கடைசி வரைக்கும் யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.”

சொல்ல நேரமில்லை.

14-6-1986, சனி

பண்மொழி பேரனோடு நேற்று வந்தாள். ஒரு மாதம் இருப்பாளாம். மாரண்டஹள்ளிக்கும் சித்தேரிக்கும் மடல் எழுதியாயிற்றாம். தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் மட்டும் நான் எழுதவேண்டும், “நாலு வரிக்கு மேல வேண்டாங்கப்பா.” எழுதிவிட்டேன்.

மாலை. தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கொல்லையில் கூடியிருக்கிறார்கள். ஏதோ தட்டுகிறாள், உலக்கைப் பூண் போலிருக்கிறது. நான் இங்கே கூடத்தில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். சற்று முன்தான் வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். பின்கதவை மூடாமல் போனாள்.

தொடங்கிவிட்டாள். மேல்வரிசை. தனிக்குரல். மூன்றில் ஒன்று. மற்ற இரண்டும் இல்லாமல் இதற்குப் பொருள் இல்லை என்று அறிவேன். மலையின் முனகல் அடியில் ஓடும் இடம் எது, நடுவரிசை நுழையும் இடம் எது, நானே நிரப்பிக்கொள்ளப் பார்க்கிறேன், கைகூடவில்லை. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுகோல் கீறும் ஓசையில் ஒரு சொல் போய்விட்டது.

செம்பரிதி! போதும். எழுதுகோலைக் கீழே வை. இப்போதே. கேள்.